ரெக்சின் பலகையில் ஒரு ஆட்டம்

வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாதவன் நான். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் புடவை விரித்துப் போடுகிற வேலை. பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்று நின்றவன்; அதற்குப் பிறகு கற்றதெல்லாம் எதிரே உட்காருகிறவர்களிடம்தான். ஒருமுறை ஒரு அம்மா கடை மூடுகிறவரை புடவை பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து, "கோச்சிக்காதீங்க, இன்னிக்கு ஆசைய மட்டும் அலசிட்டுப் போறேன்" என்றார். மலைபோலக் குவிந்த புடவைகளை மடித்து முடிக்க அன்று நேரமாயிற்று. ஆனாலும் அந்த வார்த்தையை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். இப்படிச் சேர்த்து வைத்தது நிறைய.

பேசுகிறவனைக் கட்டிப்போட்டால் எப்படி இருக்கும் என்பது சிறுநீரகங்கள் வேலையை நிறுத்திக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ். ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். இடது முன்கையில் இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் மெஷினுக்குப் போகும், சுத்தமாகி இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். கையை மடக்கினால் மெஷின் கத்தும். முதுகு அரித்தால் அரிக்கட்டும் என்று விட வேண்டும். கயிற்றால் கட்டியிருந்தால் அவிழ்த்துக்கொண்டு ஓடலாம். இங்கே என்னைக் கட்டியிருந்தது என்னுடைய ரத்தமேதான்.

மற்ற நாட்களிலும் விடுதலை இல்லை. வீட்டில் எனக்கென்று ஒரு பாட்டிலில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். அது தீர்ந்தால் அன்றைய தாகம் தீர்ந்ததாகக் கணக்கு. இளநீர் கூடாது, மாம்பழம் கூடாது, ஊறுகாயைக் கண்ணால் பார்க்கலாம். கடைக்கு வருகிறவர்களுக்கு மோரும் காபியும் நானே வாங்கி வைப்பேன். அவர்கள் பாதி குடித்து வைத்துவிட்டுப் போகிற டம்ளரைப் பார்க்காமல் இருக்கப் பழகத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது.

அந்த வார்டில் எனக்கு வலப்பக்கத்துப் படுக்கை, எல்லோரும் பாய் என்று கூப்பிடுகிறவருடையது. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். ஒலிமுகமது பேட்டையில் ஆட்டோவுக்கும் வேனுக்கும் சீட் தைக்கிற கடை வைத்திருந்தவர். வந்த முதல் நாளே படுக்கையின் ரெக்சினைத் தட்டிப் பார்த்து, "இத தச்சவன் பணம் வாங்கிக்கினு ஓடிட்டான், பாதி தையல் அவன் கூடவே போயிருச்சு" என்றார். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று.

எனக்கு இடது கையில் ஊசி. அவருக்கு முதலில் இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்துப் பார்த்து, அது அடைத்துக்கொண்டதால், பிறகு வலது கையில் தைத்திருந்தார்கள். அதனால் எங்கள் இருவருடைய சும்மா இருக்கிற கைகளும் ஒரே இடைவெளியில் வந்து விழுந்தன. எத்தனை நாள்தான் இரண்டு கைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடக்கும்? போனில் செஸ் ஆடிக்கொண்டிருந்த என்னை ஒரு நாள் எட்டிப் பார்த்து, "மெஷின்கூட படுத்துக்கினு மெஷின்கூடவே ஆடறியே, மனுசன்கூட ஆட மாட்டியா?" என்றார்.

அடுத்த முறை வரும்போது ஒரு பலகையைச் சுருட்டிக் கொண்டுவந்தார். கறுப்பும் சந்தன நிறமுமாக ரெக்சின் துண்டுகளைக் கட்டம் கட்டமாகத் தைத்தது. படுக்கை ஆடினால் காய் விழாதபடி ஒவ்வொரு கட்டத்திலும், ஒவ்வொரு காயின் அடியிலும், பைகளில் ஒட்டுகிற வெல்க்ரோவை வைத்திருந்தார். இடது கையாலேயே மெஷினில் தள்ளித் தைத்தாராம். கட்டங்கள் கொஞ்சம் கோணல்தான். காயை எடுக்கும்போது 'கர்ர்' என்று பிய்ந்து வரும். வார்டு முழுக்கக் கேட்கும். வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற சிஸ்டர், எங்களைக் கவனித்துக்கொள்கிறவர், "யாரு யார வெட்டனீங்க, எனக்கு இங்கயே தெரிஞ்சிருது" என்பார். நேரம் முடிந்ததும் பலகையை அப்படியே எடுத்து அலமாரிமேல் வைத்துவிடுவார். காய்கள் இடம் மாறாது. அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து ஆடுவோம்.

சிக்கல் சட்டத்தில்தான் வந்தது. நான் ஆடியது போன் சொல்லிக்கொடுத்த ஆட்டம். அவர் ஆடியது அவருடைய அப்பா வழியாக வந்த பழைய ஆட்டம். என் ஆட்டத்தில் ராணி. அவருக்கு அது வஜீர். என் ஆட்டத்தில் சிப்பாய் முதல் அடி எடுக்கும்போது இரண்டு கட்டம் தாண்டலாம். அவருடையதில் எப்போதும் ஒரே கட்டம். "நடந்து போறவன் எப்பிடிபா ரெண்டு எட்ட ஒரே எட்டா வெப்பான்?" என்று கேட்டார். பலகை அவருடையது என்பதால் சட்டமும் அவருடையது என்று ஆயிற்று.

எல்லாவற்றையும்விட என்னைத் திணற வைத்தது ஒரு சட்டம். போனில் நான் பழகியது எதிராளியின் காய்களைத் துடைத்துப் பெருக்குவது. முதல் ஆட்டத்தில் அப்படியே செய்தேன். அவருடைய கடைசிக் காயையும் எடுத்துவிட்டு, ராஜா மட்டும் தனியாக நிற்க, நிமிர்ந்து பார்த்தேன். பாய் சிரித்தார். "போச்சு. இது புர்ஜ். ஆட்டம் பாதி. உனக்கும் ஜெயிப்பு இல்ல." அவர்கள் கணக்கில், ராஜாவைத் தவிர எல்லாவற்றையும் பறித்துவிட்டால் அது வெற்றி ஆகாது. எதிராளியிடம் ஒரு சிப்பாயாவது இருக்கும்போதே ராஜாவை நகர முடியாமல் கட்ட வேண்டும். அதாவது ஜெயிக்கிறவன் தன் கையை அடக்கிக்கொண்டு, பறிக்க முடிந்ததைப் பறிக்காமல் விட்டுவைத்து ஜெயிக்க வேண்டும்.

எத்தனை ஆட்டம் இப்படி வீணாக்கியிருப்பேன் என்று சொல்ல வெட்கம். நன்றாக ஆடிக்கொண்டே வருவேன். கடைசியில் கை தானாகப் போய்க் கடைசிச் சிப்பாயைப் பிய்த்துவிடும். கர்ர். பாய் கண்ணை மூடிக்கொண்டு, "சபர், சபர்" என்பார். பொறுமை என்பதற்கு அவர்கள் வார்த்தை. பொறுமை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். சும்மா உட்காருவதில் எனக்கு அப்போதே நல்ல பயிற்சி, வேறு வழி? பாய் காட்டிய பொறுமை வேறு. எட்டுகிற இடத்தில் காய் இருக்கும், கை துடிக்கும், அப்போது வேறு பக்கம் நகர்த்துவது.

சதுரங்கத்தில் இன்னொன்றும் உண்டு. எதை நகர்த்தினாலும் கெட்டுப்போகும் என்கிற நிலை சில சமயம் வரும். இருக்கிற இடத்தில் இருந்தாலே நல்லது. ஆனால் அதற்கு அனுமதி இல்லை. உன் முறை வந்தால் நீ நகர்த்தியே ஆக வேண்டும். அந்த நிலை வரும்போதெல்லாம் நான் பலகையைப் பார்க்கமாட்டேன், என் கையில் ஓடுகிற குழாயைப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை போனால் வியாழக்கிழமை, வியாழக்கிழமை போனால் சனிக்கிழமை. வரவில்லை என்று சொல்ல முடியாத முறை.

அந்த 'வரவில்லை'யைத்தான் பாய் ஒரு நாள் சொன்னார்.

சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஊசி போடுகிற கையால் கனமான வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கடையை மச்சானிடம் விட்டிருந்தார். தைப்பதுதான் அவருடைய பேச்சு. எனக்குப் புடவை விரிப்பது போல. அதையும் தாங்கிக்கொண்டிருந்தார், ஏனென்றால் பாபி, அவருடைய மனைவி, தன் சிறுநீரகம் ஒன்றைத் தருவதாகச் சொல்லிச் சென்னைக்கு அலைந்து சோதனைகள் கொடுத்துக்கொண்டிருந்தார். அது கிடைத்துவிட்டால் இந்த மெஷினுக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போய்விடலாம். "உனக்கு இந்தப் பலகையை விட்டுட்டுத்தான் போவேன்" என்றுகூடச் சொல்லியிருந்தார். முடிவு வந்தது. பாபிக்கும் சர்க்கரை இருக்கிறது, அவரிடமிருந்து எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளிடம் வாங்க அவருக்கு மனமில்லை, கொடுக்க வேறு ஆளும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் கொஞ்சமும் பேசவில்லை. ஆட்டம் முக்கால் முடிந்திருந்தது. என்னிடம் ராஜா, ஒரு யானை, ஓரத்தில் இன்னும் கிளம்பாத சிப்பாய் ஒன்று. அவரிடம் ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். அவர் முறை வந்தது. அந்தச் சிப்பாயை எடுத்து என் யானையின் வாய்க்கு நேராகக் கொண்டுவந்து வைத்தார். அவ்வளவு நன்றாக ஆடுகிறவர் செய்கிற காரியம் இல்லை அது.

"பாய், பார்த்து வைங்க" என்றேன்.

"பார்த்துத்தான் வச்சேன். எடுத்துக்கோ. புர்ஜ் ஆவட்டும். பாதி ஆட்டத்தோட முடிச்சிக்கலாம்."

நான் எடுக்கவில்லை. நான் வேறு எதையும் நகர்த்தவும் இல்லை. நேரம் முடிகிற வரை யோசிக்கிறவன் போலப் படுத்திருந்தேன். ஊசிகளை எடுக்கும்போது அவர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "என் தறிகெட்ட ஒடம்புக்கு இது போதும்பா. வியாழக்கெழம நான் வர்ல. அதுக்கப்புறமும் வர்ல. ஊட்ல பட்த்துக்கினு எத்தினி நாள் ஓடுதோ ஓடட்டும்."

கோபத்தில் சொல்வது என்று நினைத்தேன். வியாழக்கிழமை அவர் படுக்கை காலியாக இருந்தது.

ஊசி போட்டு, மெஷின் ஓட ஆரம்பித்த பிறகுதான் அவர் நிஜமாகவே வரப்போவதில்லை என்று எனக்கு உறைத்தது. அதுதான் என் போறாத வேளை. கொஞ்சம் முன்னால் உறைத்திருந்தால் ஒரு ஆட்டோ பிடித்து அவர் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். இப்போது நான்கு மணி நேரத்துக்கு இந்த ஓர் ஆள் நீளத்து இடம்தான் எனக்கு ஊர். சிஸ்டர் காலிப் படுக்கையின் விரிப்பைச் சரிசெய்துகொண்டே, "ஒரு முறை உட்டாலே நுரையீரல்ல தண்ணி ஏற ஆரம்பிக்கும். சனிக்கெழமையும் வர்லன்னா மூச்சு உட முடியாம தூக்கிக்கினுதான் வருவாங்க. அப்பிடி வந்தா நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்றார். யாரிடமும் சொல்லாதது போலத்தான் சொன்னார்.

போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். வலது கை போனைப் பிடித்திருக்கிறது, இடது கை அசையக்கூடாது, மூக்கில் வியர்வை வழிகிறது, துடைக்க முடியவில்லை. சுவரில் கடிகாரம். அதன் முள்ளை இவ்வளவு வெறுத்ததில்லை. வாழ்நாள் முழுக்க, எழுந்து போகப் பார்க்கிற கஸ்டமரைப் பேசியே உட்கார வைத்தவன் நான். போகிறவர் கண்முன்னால் இருந்தால்தானே பேசுவது?

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை பாபி எடுத்தார். குரல் கம்மியிருந்தது. பாய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், சாப்பிடவில்லை, தண்ணீரை மட்டும் கணக்கில்லாமல் குடிக்கிறார், யார் சொன்னாலும் கேட்கவில்லை, கால் வீங்கியிருக்கிறது, பேசினால் மூச்சு வாங்குகிறது என்றார். பிள்ளைகள் அழுதுவிட்டுப் போயிருக்கிறார்கள். மச்சான் சத்தம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பள்ளிவாசலிலிருந்து பெரியவர் ஒருவர் வந்து நல்லதெல்லாம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பாபியிடம் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் காதருகே வைக்கச் சொன்னேன்.

வைத்துவிட்டார். நல்ல வார்த்தைகளை எல்லாம் மற்றவர்கள் ஏற்கெனவே தீர்த்துவிட்டிருந்தார்கள். சிஸ்டர் பழக்கத்தில் பலகையை எடுத்து என் பக்கத்து ஸ்டாண்டில் வைத்திருந்தார். அதில் பாயின் சிப்பாய் என் யானைக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தது.

"பாய், செவ்வாக்கெழமயிலேர்ந்து என் மொறதான் பாக்கி. இப்ப ஆடிட்டேன்" என்றேன்.

மூச்சு மட்டும் கேட்டது.

"ஓரத்துல நின்னுக்கினு இருந்துதே என் சிப்பாயி, அத ரெண்டு கட்டம் தள்ளிட்டேன்."

பிறகு கட்டில் கிறீச்சிட்டது. திரும்பிப் படுக்கிறார் என்று தெரிந்தது.

"எத்தினி கட்டம்?"

"ரெண்டு."

"ரெண்டா? எவன் ஊட்டு ரூலு அது?" இருமல் வந்து, அடங்கி, மறுபடி குரல் வந்தது. "பலக என்னுது."

"ஆள் வர்லன்னா பலக யாருதா இருந்தா இன்னா, பாய்? இனிமே போன் ரூல்தான்."

"அந்தப் போன தூக்கிப் பாலாத்துல போடு. எட்த்து பழைய எடத்துல வை."

"வெக்க மாட்டேன். வேணும்னா நீங்க வந்து வைங்க."

போன் துண்டிக்கப்பட்டது. அவர் துண்டித்தாரா, பாபியின் கை பட்டதா, தெரியவில்லை. நான் தப்பான காயை நகர்த்திவிட்டேனோ என்று பலகையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த சிஸ்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "அவரு கோச்சிக்கினா நல்லதுதான். கோவம் வர்றவங்களுக்கு உயிரோட இருக்க ஆச இருக்குதுன்னுதான் அர்த்தம். நீங்க கோச்சிக்காதீங்க, பிபி ஏறுது" என்றார். இதையும் என் சேமிப்பில் போட்டுக்கொண்டேன்.

காலை முறைக்கு வர வேண்டிய நேரம் தாண்டிவிட்டது. மதியத்தில் அந்தப் படுக்கை தென்னேரியிலிருந்து வருகிற ஒருவருக்கு. பாய் வந்தாலும் வரலாம் என்று சிஸ்டர் அந்தத் தென்னேரிக்காரருக்குப் போன் போட்டு, "ஒருத்தருக்காக எடம் வேணும், சாயந்தரம் வர்றீங்களா?" என்று கேட்டார். யாருக்கு, எதற்கு என்று அந்த மனிதர் கேட்கவில்லையாம். சரி என்றாராம். இந்தக் குழாயில் கட்டுண்டவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது.

எனக்கு ஊசியை எடுத்தார்கள். என் மனைவி ஆட்டோவோடு வந்து நின்றாள். டயாலிசிஸ் முடிந்தால் உடம்பு பிழிந்து போட்ட துணி மாதிரி ஆகிவிடும். வீட்டுக்குப் போய் விழ வேண்டியதுதான். இன்னும் கொஞ்சம் இருக்கிறேன் என்றேன். காரணத்தைக் கேட்டாள், சொன்னேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு, "ஊட்டுக்கு வந்தாலும் மோட்டுவளையத்தான் பாக்கப் போற. இங்கயே குந்து" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

உட்கார்ந்தேன். யாரும் கட்டிப்போடாமலே அன்றுதான் அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கட்டியிருந்ததைவிட அது கஷ்டமாக இருந்தது. வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெளியே ஏதோ கல்யாண வீட்டு நாதஸ்வரம் போயிற்று. மதியத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து படுத்து, அவரவர் மெஷின் ஓட ஆரம்பித்தது. பாய் படுக்கை மட்டும் காலி. சிஸ்டர் ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருமுறை என்னைப் பார்த்தார்.

பாபியின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் வந்தார். நான்கு அடிக்கு ஒருமுறை நின்றார். முகம் ஊதி, கண் சிறுத்து, வேறு ஆள் மாதிரி இருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எடை பார்த்தார்கள், சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டார். படுக்க வைத்தால் மூச்சு முட்டியதால் தலைப்பக்கத்தை நிமிர்த்தி வைத்து, ஆக்சிஜன் மாட்டி, ஊசி போட்டார்கள். மெஷின் ஓடத் தொடங்கியது. அவருடைய மார்பு ஏறி இறங்குவதையே நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரம் போயிருக்கும். மூச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. இடது கையை நீட்டினார். ஸ்டாண்டை அவர் பக்கம் தள்ளினேன்.

பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"தள்ளவே இல்லியா?"

"உங்க ரூல ஒடைக்க மனசு வர்ல, பாய்."

"பொய் சொல்லி இஸ்துக்கினு வந்தியா? புடவ விக்கிறவன் புத்தி."

"ஆமா."

பாபி முக்காட்டால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா, சொல்ல முடியவில்லை. நான் ஓரத்துச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளினேன். இனி அவர் முறை. அவர் அவசரப்படவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. தூங்கிவிட்டார் என்றுகூட நினைத்தேன். பிறகு தன் ராஜாவைப் பிய்த்து, பக்கத்துக் கட்டத்தில், நான் எடுக்கட்டும் என்று விட்டிருந்த அந்தச் சிப்பாய்க்குக் காவலாக ஒட்டினார். இனி என் யானை அதைத் தொட முடியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது, பேசாமல் இருந்தது.

"ஜெயிச்சிட்டதா நெனச்சிக்காத. இன்னிக்கு மட்டும்தான் வந்தேன்" என்றார்.

"இன்னிக்கு மட்டும்தான் கூப்பிட்டேன்" என்றேன்.

சாயந்தரம் அவருக்கு ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் சிஸ்டர். பாபி செருப்பைத் தேடி எடுத்து வைத்தார். எல்லோர் மனதிலும் ஒரே கேள்விதான். யாருக்கும் வாயில் வரவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்கிற பயம். சனிக்கிழமை வருவீர்களா என்று கேட்டால், மாட்டேன் என்று சொல்ல ஒரு இடம் கொடுத்தது போலாகும்.

சிஸ்டர் பஞ்சின்மேல் பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "சனிக்கெழம காலையிலயா பாய், மதியமா?"

எங்கள் கடையில் இது பாலபாடம். புடவை வேண்டுமா என்று நாங்கள் கேட்கமாட்டோம். நீலம் எடுக்கட்டுமா, மெரூன் எடுக்கட்டுமா என்றுதான் கேட்போம். முப்பது வருஷமாக அதைச் சொல்லிப் பிழைக்கிற எனக்கு அந்த வழி தெரியவில்லை, சிஸ்டருக்குத் தெரிந்திருந்தது.

பாய் படுக்கை விளிம்பில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். வீக்கம் கொஞ்சம் வடிந்திருந்தது. பாபி செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். என் மனைவி என் சட்டையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்தேன்.

"மதியம் வெயிலு ஜாஸ்தி" என்றார் பாய். குனிந்து, ஒரு காலைச் செருப்புக்குள் விட்டார். இன்னொரு காலையும் விட்டார். "காலையிலயே போடு."